தினார் யாருடைய சொல்?

முகமறியாத அன்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். சம்பளம் தினாரில் வருகிறது. உடன் வேலை செய்யும் ஸ்பெயின் நாட்டவர் பணத்தைத் ‘தினெரோ’ என்கிறார். ஸ்பெயினின் பெரும்பகுதி பல நூற்றாண்டுகள் முஸ்லிம் அரசர்களின் ஆட்சியில் இருந்ததால், அரபுச் சொல்தான் அங்கே தங்கிவிட்டது என்பது அன்பரின் ஊகம். ஊரில் இருக்கும் அவருடைய அண்ணனோ வேறு சொல்கிறார்: சம்ஸ்கிருதத்தில் ‘தினம்’ என்றால் நாள், ஒரு நாள் கூலிதான் ‘தீனாரம்’, அங்கிருந்துதான் அரபிக்கும் ஐரோப்பாவுக்கும் போயிற்று. இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்கிறார்.

இந்தச் சொற்கள் உறவுடையவையா என்பதில் சண்டையே இல்லை, உறவுடையவைதான். உண்மையில் கேட்கப்பட்டிருப்பது, யார் கொடுத்தார்கள், யார் வாங்கினார்கள் என்பது. கல்வெட்டியல் படித்து, பழங்காசுகளைப் பார்த்து வகைப்படுத்தும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இருவர் சொல்வதும் சரியில்லை. அரபியும் ஸ்பானியமும் ஒன்றிடமிருந்து மற்றொன்று வாங்கவில்லை. சம்ஸ்கிருதமும் இதில் வாங்கிய மொழியே. மூன்றுக்கும் பின்னால் இருப்பது ரோமானியரின் ஒரு வெள்ளிக்காசு. அதன் லத்தீன் பெயர் ‘தேனாரியுஸ்’.

ஒரு சொல் எங்கே பிறந்தது என்று கண்டுபிடிக்க, அது எந்த மொழியில் உறுப்புறுப்பாகப் பிரிந்து பொருள் தருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். லத்தீனில் ‘தெகெம்’ என்றால் பத்து. ‘பத்துப் பத்தாக’ என்பதற்கு ‘தேனி’, தே நெடில். அதோடு ‘உடையது’ என்னும் பொருள் தரும் ‘-ஆரியுஸ்’ விகுதி சேர்ந்தால் ‘பத்து உடையது’ என்றாகும். எதில் பத்து? ‘அஸ்’ என்ற வெண்கலக் காசில். பத்து அஸ் மதிப்புள்ள வெள்ளிக்காசு என்பதால் அந்தப் பெயர். இதை ஊகித்துச் சொல்லவில்லை. தொடக்ககாலத் தேனாரியுஸ்களில் ரோமா தேவியின் தலைக்குப் பின்னால் பத்தைக் குறிக்கும் ரோமன் எண், பெருக்கல் குறி போன்ற அந்த வடிவம், தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. பெயரும் காசும் ஒன்றுக்கொன்று சாட்சி. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மதிப்பைப் பதினாறு அஸ் என்று மாற்றினார்கள். சில காசுகளில் பதினாறு என்ற எண்ணையே பொறித்தார்கள். பெயர் மட்டும் ‘பத்து உடையது’ என்றே நின்றுவிட்டது. சொல் ஒருமுறை காசோடு ஒட்டிக்கொண்டால் அதன் பொருளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதற்கு இது முதல் உதாரணம். இன்னும் பல வரும்.

காசு பிறந்த ஆண்டைப் பற்றி ஒரு சொல். பழைய நூல்களில் கி.மு. 269 என்றோ 268 என்றோ பார்ப்பீர்கள். அது ரோமானிய எழுத்தாளர் பிளினி சொன்னதை ஒட்டியது. சிசிலித் தீவில் மொர்கன்தீனா என்ற பழைய நகரத்தைத் தோண்டியபோது, கி.மு. 211இல் நகரம் அழிந்தபோது உருவான மண்ணடுக்கில் இந்த வரிசைக் காசுகள் புத்தம் புதியனவாகக் கிடைத்தன. அதன்பிறகு கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலோடு நடந்த போரின் நடுவே, கி.மு. 211ஐ ஒட்டி, இந்தக் காசு அறிமுகமானது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் கணக்கு.

இனி மேற்கே போன வழி. ஸ்பானிய ‘தினெரோ’ அரபியிலிருந்து வரவில்லை என்று எப்படிச் சொல்ல முடிகிறது? இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. யாரும் செய்து பார்க்கலாம். ஜனவரி மாதத்தின் லத்தீன் பெயர் ‘யானுவாரியுஸ்’. தேனாரியுஸுக்கு இருக்கும் அதே விகுதி இதற்கும் இருக்கிறது. மாதப் பெயரை யாரும் அரபியிலிருந்து வாங்கியிருக்க முடியாது. ஒவ்வொரு மொழியிலும் ஜனவரியையும் நம் சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்பானியத்தில் ஜனவரி ‘எனெரோ’, பணம் ‘தினெரோ’. போர்த்துக்கீசியத்தில் ‘ஜனெய்ரோ’, ‘தின்யெய்ரோ’. ரியோ டி ஜனெய்ரோ நகரத்தின் பெயரில் இருப்பது இந்த ஜனவரிதான். கத்தலான் மொழியில் ஈறு குறைந்து ‘ஜெனெ’, ‘தினெ’. பிரெஞ்சில் ‘ழான்வியே’, ‘தெனியே’. விகுதி எந்த மொழியில் எப்படித் தேய்ந்ததோ அப்படியே இரண்டு சொற்களிலும் தேய்ந்திருக்கிறது. அரபு ‘தினார்’ ஸ்பானியத்துக்குள் வந்திருந்தால் இறுதியில் ‘-ஆர்’ என்றே நின்றிருக்கும். அந்தச் சொல்லும் ஸ்பானியத்தில் இருக்கிறது: அரபு நாடுகளின் நாணயத்தை அவர்கள் ‘தினார்’ என்றுதான் எழுதுகிறார்கள். தினெரோ வீட்டில் பிறந்த பிள்ளை, தினார் பிற்காலத்தில் வந்த விருந்தாளி.

இத்தாலிய ‘தெனாரோ’வும் அரபு ஆட்சியின் நிழலே படாத வட பிரான்சின் ‘தெனியே’யும் அதே லத்தீன் குடும்பம். ஸ்பெயின்–பிரான்ஸ் எல்லையில் பேசப்படும் பாஸ்க் மொழி லத்தீன் வழிவந்த மொழியே அல்ல; ஆனாலும் ரோமானியரிடம் வாங்கி, இரண்டு உயிரெழுத்துகளுக்கு நடுவில் நின்ற ‘ன்’ ஒலியை விட்டுவிட்டு, பணத்தை ‘திரு’ என்கிறது. உயிரெழுத்துகளுக்கு நடுவே வரும் ‘ன்’ ஒலி கெடுவது பாஸ்க் மொழியில் பழைய மாற்றம். சொல் அங்கே வெகு காலத்துக்கு முன்பே குடியேறிவிட்டது என்பதற்கு அது நல்ல சான்று.

இதில் ஓர் ஐயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அரபுக் கட்சிக்காரர்கள் அங்கேதான் பிடிப்பார்கள். லத்தீனில் முதல் எழுத்து ‘தே’. ஸ்பானியத்தில் ‘தி’ எப்படி வந்தது? இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் எகரமாகவே நிற்க, ஸ்பெயின், போர்ச்சுகல் அடங்கிய ஐபீரிய மொழிகளில் மட்டும் ஏன் இகரம்? அழுத்தம் பெறாத முதல் அசையில் எகரம் இகரமாவது ஸ்பானியத்துக்குப் புதிதல்ல: லத்தீன் ‘ஸேமென்டெம்’, அதாவது விதை, ஸ்பானியத்தில் ‘ஸிமியென்தே’ ஆகியிருக்கிறது. இந்தச் சொல்லில் மாற்றத்தை எது தூண்டியது என்பதில் அறிஞர் எல்லோரும் ஒரே விளக்கம் தருவதில்லை. அரபுத் தினார் புழங்கிய ஊர்களில் அதன் ஓசை இகரத்துக்கு வலுவூட்டியிருக்கலாம் என்று ஒருவர் சொன்னால், நான் மறுத்து வாதாட மாட்டேன். ஆனால் சொல்லின் உடல் லத்தீன் என்பதில் ஐயமில்லை.

மேற்கு வழியில் மிகப் பெரிய நிகழ்ச்சி பேரரசர் சார்லமேன் காலத்து நாணய ஒழுங்கு. கி.பி. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு பவுண்டு வெள்ளிக்கு 240 தேனாரியுஸ் என்ற கணக்கு உறுதியானது. 12 தேனாரியுஸ் ஒரு ‘சோலிதுஸ்’, 20 சோலிதுஸ் ஒரு ‘லிப்ரா’, அதாவது பவுண்டு. இங்கிலாந்து இதே கணக்கைத் தன் சொந்தப் பெயர்களில் வைத்துக்கொண்டது: பவுண்டு, ஷில்லிங், பென்னி. பென்னி என்பது ஜெர்மானிய இனத்துச் சொல். தேனாரியுஸுக்கு ரத்த உறவு கிடையாது. ஆனால் பென்னிக்கு எழுதிய சுருக்கக்குறி ‘டி’ என்ற எழுத்து, தேனாரியுஸின் முதலெழுத்து. 1971 பிப்ரவரி 15 அன்று பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறும் வரை கடைச் சீட்டுகளில் அந்த எழுத்து இருந்தது. ரோமானியக் காசு மறைந்து ஆயிரத்து எழுநூறு ஆண்டுகள் ஆன பிறகும் லண்டன் மளிகைக்கடைக்காரர் அதன் முதலெழுத்தை எழுதிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இதே காரணத்தால்தான் 1611இல் வெளியான ஆங்கில விவிலியம், இயேசுவிடம் வரிக்காகக் காட்டப்பட்ட தேனாரியுஸைப் ‘பென்னி’ என்று மொழிபெயர்த்தது. பழைய தமிழ் விவிலியம் அதைப் ‘பணம்’ என்றது. திராட்சைத் தோட்ட வேலையாட்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பணம் கூலி பேசப்படுகிறது. கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியத்தில் அது ‘தெனாரியம்’. தேனாரியுஸ் ஒரு நாள் கூலி என்பது இந்தக் கதையிலிருந்து நமக்குத் தெரிகிறது. அண்ணனின் ‘தினக்கூலி’ விளக்கம் கவர்ச்சியாகத் தோன்றுவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். காசின் மதிப்பு ஒரு நாள் கூலியாக இருந்தது உண்மை. காசின் பெயர் அதனால் வரவில்லை. பெயர் வைத்தபோது எண்ணப்பட்டது நாள் அல்ல, பத்து வெண்கலக் காசு.

இப்போது கிழக்கே. ரோமப் பேரரசின் கிழக்குப் பாதியில் படையிலும் சட்டத்திலும் லத்தீன் இருந்தாலும் சந்தை கிரேக்கத்தில் நடந்தது. கிரேக்கர்கள் காசை ‘தேனாரியொன்’ என்று எழுதினார்கள். அதன் முதல் உயிருக்கு அவர்கள் பயன்படுத்திய எழுத்து ‘ஏட்டா’. பழைய கிரேக்கத்தில் ஏகாரமாக ஒலித்த அந்த எழுத்து, பிற்காலக் கிரேக்கப் பேச்சில் ஈகாரமாக மாறிவிட்டது. லத்தீன் ஏகாரம் ஆசியாவில் ஈகாரமான இடம் இதுதான். சிரியாவிலும் பாலஸ்தீனத்திலும் அராமிய மொழி பேசியவர்கள் அதை ‘தீனாரா’ என்று தங்கள் விகுதியோடு எடுத்துக்கொண்டார்கள். அராமியத்திலிருந்து அரபிக்கு ‘தீனார்’. தமிழில் நாம் குறிலாகத் தினார் என்று எழுதினாலும் அரபியில் முதல் உயிர் நெடில்தான். இஸ்லாமியப் பேரரசு உருவாகும் முன்பே சொல் அரேபியாவில் வேரூன்றிவிட்டது: குர்ஆனின் மூன்றாம் அத்தியாயம் 75ஆம் வசனத்தில், ஒரு தீனாரை நம்பி ஒப்படைத்தாலும் திருப்பித் தராதவர் பற்றிய பேச்சு வருகிறது. அரபியில் இதன் பன்மை ‘தனானீர்’. ஒருமையில் ஒரு ‘ன’ ஒலிதான் இருக்கிறது, பன்மையில் இரண்டு. ஒருமை முன்பு ‘தின்னார்’ என்று இருந்திருக்க வேண்டும் என அரபு இலக்கணிகளே கருதினார்கள். இந்த இரட்டை ‘ன’வை நினைவில் வையுங்கள். காஷ்மீரில் மறுபடி வரும்.

ஒரு நியாயமான கேள்வி எழும். தேனாரியுஸ் வெள்ளிக்காசு, தினார் தங்கக்காசு. எப்படி உலோகம் மாறியது? ரோமானியத் தங்கக்காசு ‘அவுரேயுஸ்’. அதன் முழுப் பெயர் ‘தேனாரியுஸ் அவுரேயுஸ்’, அதாவது தங்கத் தேனாரியுஸ். மதிப்பு 25 வெள்ளித் தேனாரியுஸ். கி.பி. 1ஆம் நூற்றாண்டில் கிரேக்கக் கப்பல் வணிகர் ஒருவர் எழுதிய செங்கடல் வழிகாட்டி, குஜராத்தின் பரூச் துறைக்குத் தங்கத் தேனாரியுஸும் வெள்ளித் தேனாரியுஸும் கொண்டுபோகலாம், உள்ளூர்க் காசுக்கு மாற்றினால் லாபம் உண்டு என்று சொல்கிறது. எனவே கிழக்கே போகும்போதே சொல் இரண்டு உலோகத்துக்கும் பொதுவாக இருந்தது. மூன்றாம் நூற்றாண்டில் ரோமின் வெள்ளிக்காசு செம்பு கலந்து கலந்து மதிப்பிழந்து, கடைசியில் அடிப்பதே நின்றது. கிழக்கில் நம்பத்தக்கதாக எஞ்சியது தங்கம். வெள்ளிக்கு ஈரானியரின் காசு இருந்தது. அதன் பெயர் கிரேக்க ‘திராக்மே’யிலிருந்து வந்த ‘திர்ஹம்’. ஆகவே தங்கத்துக்கு ரோமானியப் பெயர், வெள்ளிக்குக் கிரேக்கப் பெயர் என்று அரபு உலகம் பங்கிட்டுக்கொண்டது.

கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல், அதாவது கி.பி. 696–697இல், உருவங்களை அகற்றி எழுத்து மட்டுமே கொண்ட தங்கத் தினாரை வெளியிட்டார். எடை சுமார் 4.25 கிராம். அதற்கு முன் அவர்கள் கையில் இருந்தது பைசாந்தியத்தின், அதாவது கிழக்கு ரோமப் பேரரசின், சுமார் 4.5 கிராம் தங்கக்காசும் அதைப் பார்த்து அடித்த காசுகளும். இந்தச் சீர்திருத்தம்தான் தினார் என்ற சொல்லை ஸ்பெயின் முதல் மத்திய ஆசியா வரை நிலைநிறுத்தியது.

மேற்கே போன சொல்லும் கிழக்கே போன சொல்லும் ஓரிடத்தில் நேருக்கு நேர் சந்தித்தன. மத்திய இங்கிலாந்தை ஆண்ட ஆஃபா என்ற அரசர் 8ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வெள்ளிப் பென்னிகளை, அதாவது லத்தீன் ஆவணங்கள் தேனாரியுஸ் என்று எழுதிய காசுகளை, ஏராளமாக அடித்தவர். அதே ஆஃபா ஒரு தங்கக்காசும் வெளியிட்டார். ஹிஜ்ரி 157ஆம் ஆண்டின் பாக்தாத் கலீஃபாவின் தினாரைப் பார்த்துச் செய்த நகல் அது. அரபு எழுத்துகள் பிழைகளோடு அப்படியே இருக்க, நடுவில் தலைகீழாக ‘ஆஃபா அரசர்’ என்று லத்தீனில் பொறித்திருக்கிறது. அடித்தவருக்கு அரபு வாசிக்கத் தெரியாது என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கும். இப்போது அது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. எதற்காக அடித்தார்கள் என்பது பற்றி பல கருத்துகள் உண்டு: தூர வணிகத்துக்கு என்கிறார்கள், போப்பாண்டவருக்குக் காணிக்கையாக என்கிறார்கள். எதுவும் நிரூபிக்கப்படவில்லை. ஸ்பெயினிலும் இதுபோல் நடந்தது. 12ஆம் நூற்றாண்டில் கஸ்தீல் நாட்டுக் கிறிஸ்தவ அரசர், அல்முராபித் வம்சத்தின் தினார்களைப் பார்த்து அரபு எழுத்திலேயே தங்கக்காசு அடித்தார். அந்த வம்சப் பெயரிலிருந்து வந்ததுதான் ‘மரவெதி’ என்ற பழைய ஸ்பானிய நாணயப் பெயர். ஸ்பெயின் நாணய வழக்கில் அரபுத் தடம் தேடுபவர்கள் பார்க்க வேண்டியது தினெரோவை அல்ல, மரவெதியை.

சம்ஸ்கிருதத்துக்கு வருகிறேன். அண்ணன் சொன்னது இதைப் பற்றித்தானே. ‘தீனாரம்’ சம்ஸ்கிருதத்தில் இருப்பது உண்மை, பழையது என்பதும் உண்மை. ஆனால் எவ்வளவு பழையது? வேதங்களில் இல்லை. நாணயப் பெயர்களைக் குறிப்பிடும் பழைய சம்ஸ்கிருத இலக்கண ஆசிரியர் பாணினி நிஷ்கம், சதமானம், கார்ஷாபணம் ஆகியவற்றைச் சொல்கிறார், தீனாரத்தைச் சொல்லவில்லை. ரோமானிய வணிகம் பெருகிய பிறகே அது தலைகாட்டுகிறது. இந்த அளவுகோல் உறுதியானது என்பதால்தான், ஒரு சம்ஸ்கிருத நூலில் தீனாரம் வந்தால் அந்தப் பகுதி கிறிஸ்துவுக்குப் பிற்பட்டது என்று காலம் கணிக்கப் பயன்படுத்தினார்கள். நாரத ஸ்மிருதி என்ற சட்டநூலின் காலத்தைப் பேசியவர்கள் இப்படித்தான் வாதிட்டார்கள். அமரகோசம் என்ற பழைய சம்ஸ்கிருத அகராதி அதை நிஷ்கத்துக்கு இணையாக வைக்கிறது. இலக்கணமும் அண்ணனுக்கு உதவவில்லை. ‘தின’ என்பதில் இகரம் குறில், ‘தீனார’ என்பதில் நெடில். ‘-ஆர’ என்று கூலியைக் குறிக்கும் விகுதி சம்ஸ்கிருதத்தில் கிடையாது. லத்தீன் ‘தெகெம்’, சம்ஸ்கிருத ‘தச’ இரண்டும் ஒரே மூதாதையின் பிள்ளைகள் என்பது சரி. அது பிறப்புவழி உறவு; தீனாரம் வணிகவழி வந்தது. இரண்டையும் குழப்பக் கூடாது.

இந்த இரவல் சொல் வட இந்தியாவில் எவ்வளவு இயல்பாகிவிட்டது என்பதைக் குப்தர் காலச் சாசனங்களில் பார்க்கலாம். இரண்டாம் சந்திரகுப்தனின் அதிகாரி ஒருவர் கி.பி. 412–413இல் சாஞ்சி பௌத்த மடத்துக்கு 25 தீனாரம் கொடுத்து, பிக்குகளுக்கு உணவும் விளக்குக்கு எண்ணெயும் ஏற்பாடு செய்தார். இன்றைய வங்கதேசத்தில் கிடைத்த தாமோதர்பூர்ச் செப்பேடுகள் ஒரு ‘குல்யவாபம்’ (அக்கால நில அளவு) தரிசு நிலத்தின் விலையை மூன்று தீனாரம் என்கின்றன. பக்கத்து வட்டாரத்தின் பைகிராம் செப்பேட்டில் விலை இரண்டு தீனாரம்; அதன் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் 16 வெள்ளி ‘ரூபக’த்துக்கு ஒரு தீனாரம் என்று கிடைக்கிறது. நிலப்பதிவு அலுவலகத்தின் அன்றாடச் சொல்லாகவே ஆகிவிட்டது. தெற்கே கிருஷ்ணா ஆற்றங்கரை நாகார்ஜுனகொண்டாவில், உஜ்ஜயினி நாட்டு அரசகுமாரி ஒருத்தி தூண் நிறுத்த 170 ‘தினாரி மாஷகம்’ கொடுத்ததாகப் பிராகிருதக் கல்வெட்டு சொல்கிறது.

எந்த வழியாக வந்தது என்பதுதான் இன்னும் தீராத கேள்வி. கடல்வழி வந்த கிரேக்க வணிகர் வாயிலிருந்தா, அல்லது பாக்திரியா (இன்றைய வட ஆப்கானிஸ்தான் பகுதி) வழியாகக் குஷானர் ஆட்சியிலிருந்தா? குஷானர் சுமார் 8 கிராம் எடையில் தங்கக்காசு அடித்தார்கள். ரோமானிய அவுரேயுஸ் எடைக்கு அது நெருக்கம். அதை வைத்து ரோமானியக் காசை உருக்கித்தான் குஷானர் தங்கம் அடித்தார்கள் என்று எழுதுகிறார்கள். எடை நெருக்கம் உண்மை. உருக்கிய கதைக்கு நேரடிச் சான்று இல்லை. இரண்டு வழிகளும் ஒரே காலத்தில் திறந்திருந்திருக்கலாம் என்பது என் கருத்து. அதைக் கருத்தாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

காஷ்மீரில் நடந்தது தனிக்கதை. 12ஆம் நூற்றாண்டில் கல்ஹணர் எழுதிய காஷ்மீர் அரசர் வரலாறான ராஜதரங்கிணியில் ‘தின்னாரம்’ என்று இரட்டை ‘ன’வோடு வருகிறது. ஜயாபீட அரசன் அவையில் உத்படர் என்ற பண்டிதருக்கு ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தின்னாரம் சம்பளம் என்கிறார். தங்கக்காசென்று நினைத்தால் நம்ப முடியாத தொகை. நூலை மொழிபெயர்த்து ஆராய்ந்த ஸ்டெயின், அங்கே தின்னாரம் என்பது செப்புக்காசுகளை எண்ணும் மிகச்சிறு கணக்கலகாகவும் பொதுவாகப் ‘பணம்’ என்ற பொருளிலும் தேய்ந்துவிட்டதைக் காட்டினார். ஸ்பெயினில் தினெரோவுக்கு நேர்ந்ததும் இதுவே. இரண்டு ஊர்களுக்கும் ஒன்றையொன்று தெரியாது. ஈரானிலும் தினார் இப்படியே சுருங்கியது: பழைய கணக்கில் 50 தினார் ஒரு ஷாஹி, இன்றைய பெயரளவுக் கணக்கில் 100 தினார் ஒரு ரியால். அந்த ரியாலும் லத்தீன்தான், ‘ரேகாலிஸ்’, அதாவது அரசருடையது, ஸ்பானிய ‘ரெயால்’ வழியாக வந்தது.

பார்வைக்கு உறவுபோல் தோன்றி ஏமாற்றும் சில சொற்களையும் சொல்ல வேண்டும். ரஷ்ய மொழியில் பணம் ‘தெங்கி’. தேனாரியுஸ் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் அது துருக்கிய மொழிகளிலிருந்து வந்தது, கசக்ஸ்தானின் ‘தெங்கே’ அதன் உறவு. கத்தலான் மொழியில் ‘தினார்’ என்றே ஒரு சொல் இருக்கிறது. அதற்கு மதிய உணவு என்று பொருள், காசோடு தொடர்பே இல்லை. செர்பியாவின் தினார் துருக்கியர் கொண்டுவந்தது என்பதும் தவறு. ஓட்டோமான் படைகள் வருவதற்கு முன்பே, 13ஆம் நூற்றாண்டிலேயே, செர்பிய அரசர்கள் அந்தப் பெயரில் வெள்ளிக்காசு அடித்தார்கள். அது கிரேக்க வழியா, அட்ரியாட்டிக் கரை லத்தீன் வழியா என்பதில் உறுதியாகப் பேச இடமில்லை.

குவைத்தின் தினாரும் ஆயிரம் ஆண்டு இடையறாமல் வந்ததல்ல. இராக்கில் 1932 வரையும் குவைத்தில் 1961 வரையும் புழங்கியது ரூபாய்; குவைத்தில் கடைசி இரண்டு ஆண்டுகள் நம் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனியாக அச்சிட்ட ரூபாய். புதிய நாணயத்துக்குப் பெயர் தேடியபோது அப்துல் மலிக் காலத்துப் பெயரை மீட்டெடுத்தார்கள்.

தமிழில் இந்தச் சொல் உண்டா என்றும் அன்பர் ஒரு வரியில் கேட்டிருந்தார். காசு வந்தது, சொல் தங்கவில்லை. கோவை, கரூர் வட்டாரத்தில் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துத் தேனாரியுஸ்கள் புதையல் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. ஆனால் சங்கப் பாடல்களில் தீனாரம் என்ற சொல்லை நான் கண்டதில்லை. யவனர் கலம் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்று அகநானூறு சொல்லும்போது காசின் பெயர் இல்லை. பொன் என்ற பொருள் மட்டுமே இருக்கிறது. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த சுமார் 500 ரோமானியத் தங்கக்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின்மேல் உளியால் வெட்டியிருக்கிறது. வெட்டியதற்குக் காரணம் என்னவென்று அறிஞர்கள் வேறுபடுகிறார்கள். எடைக்கு மதிப்பிடும் உலோகமாகவே இங்கே அவற்றைப் பார்த்தார்கள் என்ற விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எடை போட்டு வாங்கும் பொருளுக்கு வெளியூர்ப் பெயர் தேவைப்படாது.

சொல் நம்மிடம் வந்தது மிகப் பின்னால், வெவ்வேறு கதவுகள் வழியாக. வளைகுடாவிலிருந்து தினார் வந்தது, விவிலியத்திலிருந்து தெனாரியம் வந்தது. இன்னொன்று ஜவுளித் தொழிலில் இருப்பவர்கள் தினமும் சொல்வது: டெனியர். பிரெஞ்சு ‘தெனியே’ சிறு காசாகவும் சிறு எடையாகவும் இருந்தது. பட்டு நூலின் பருமனை அந்த எடையால் சொல்லும் வழக்கத்திலிருந்து அலகு பிறந்தது. 75 டெனியர் நூல் என்றால் அதில் 9,000 மீட்டரின் எடை 75 கிராம். பன்னாட்டு அலகாக டெக்ஸ் வந்த பிறகும் பாலியெஸ்டர், நைலான் இழைகளை வாங்குபவரும் விற்பவரும் இன்றுவரை டெனியரில்தான் விலை பேசுகிறார்கள்.